அமாவாசையில் ஓடிய தறி

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்ற நாட்களில் விடியற்காலையிலிருந்து இரவு ஒன்பது, பத்து வரை ஏதாவது ஒரு வீட்டில் தறிப்பலகை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்தான் நாங்கள் பேசுவோம், சண்டை போடுவோம், பிள்ளைகளைத் தூங்க வைப்போம். மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எல்லாத் தறியும் நின்றுவிடும். கிணற்றில் வாளி விழுந்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். தாமலிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. தாமலில் ஏரிக்கரைக் காற்று எந்நேரமும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அன்று அமாவாசை என்பதை மறந்துபோய்த் தறியில் உட்கார்ந்துவிட்டேன் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

என் புருஷன் முனிரத்தினம் இறந்த இரண்டாம் வருஷம் அவருடைய தறியைப் பிரித்து விற்றேன். அவர் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த குழியைச் செம்மண் கொட்டி மூடி மெழுகினேன். என் தறிக்கும் பின்சுவருக்கும் நடுவே பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் கிடைத்தது. எத்தனை கூடை மண் போட்டாலும் குழி இருந்த இடம் மட்டும் கொஞ்சம் உள்வாங்கியே இருந்தது. அங்கே கால் வைத்தால் சத்தம் வேறு மாதிரி வரும்.

அந்த இடத்தில் முதலில் ஆடியவன் கோதண்டபாணி. நெசவாளர் சங்கத்திலிருந்து தறி பார்க்க வருகிறவன். எத்தனை கஜம் ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவான். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் உள்ளவன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, அக்குளில் குடை. ஒரு நாள் சாயங்காலம் நான் நெய்துகொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் வலது பாதம் என் பலகையோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். பாதமும் கூட்டியது. குறைத்தேன், குறைந்தது.

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "கதவு சாத்திதான் இருக்குது. ஆடறதுன்னா ஆடுப்பா."

தட்டிக்கொண்டிருந்த பாதம் நின்றது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள் வந்தான், கதவைச் சாத்தினான், ஆடினான். நான் நெய்தேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நின்றிருப்பான். உங்களுக்கு எப்படி அக்கா தெரிந்தது என்று பிற்பாடு பல தடவை கேட்டான். எனக்குள்ளேயும் அப்படி ஒரு கால் சும்மா இருக்க முடியாமல் இருந்தது என்று அவனிடம் சொல்லத் தெரியவில்லை.

அவன் மூலமாக வீரபாகு வந்தான். மைக் செட் கடையில் வேலை செய்கிறவன். பட்டு நூல் கூடையில் ரெக்கார்டுப் பெட்டியை வைத்து மேலே துணி மூடிக் கொண்டுவருவான். வீரபாகு மூலமாக ஆதிகேசவன் வந்தான். சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் பல்லக்கைத் தூக்குகிறவன். தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு. அவனுக்குத் தெரிந்த ஆட்டமெல்லாம் பல்லக்குக்கு அடியில் போடுகிற அடிகள்தான். முன்னே மூன்று, பின்னே ஒன்று, நின்று ஒரு குலுக்கல். சாமி இல்லாமல் அந்த அடியைப் போடுவது பாவம் இல்லையா என்று முதல் நாள் என்னைக் கேட்டான். சாமி இல்லை என்று யார் சொன்னது என்று வீரபாகு பதில் சொன்னான். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்தே ஆடினார்கள்.

சின்னக் காஞ்சிபுரத்திலிருந்தே பெருந்தேவியும் வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். மூன்றாம் மாதம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இறங்கியவளை நிறுத்த முடியவில்லை.

எங்களுக்கு என்று ஒரு பெயர் கிடையாது. மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை, விளக்கு வைத்ததிலிருந்து ஒன்பது வரை. அதனால் 'சனிக்கிழமை' என்றே சொல்லிக்கொள்வோம். புதிதாக ஒருவரைப் பற்றிப் பேசும்போது, "அவரு சனிக்கிழமையா?" என்று கேட்போம். நான்தான் விதிகள் போட்டேன். ஒவ்வொருவராகப் பின்சந்து வழியாக வர வேண்டும். கையில் நூல் மூட்டை இருக்க வேண்டும். செருப்பு வீட்டுக்குள். இரண்டு பேர் சேர்ந்து வெளியே போகக்கூடாது. ரெக்கார்டு தணிவாகப் பாட வேண்டும். பாட்டு முடியும் வரை நான் தறியை நிறுத்த மாட்டேன். தெருவுக்கு அது தறிச் சத்தம். உள்ளே அதுதான் தாளம். சலங்கைகூடக் கட்டலாம், பலகை அடிக்கிறவரை வெளியே கேட்காது. தறி ஓடினால் பயமில்லை என்பது அவர்களுடைய உடம்புக்கே தெரிந்துவிட்டது. மூன்றாம் சனி அமாவாசையில் விழுந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவேன். நாலு வருஷத்தில் அது ஒரு தடவையும் தப்பவில்லை.

ஆட்டம் மட்டும் இல்லை. வீரபாகுவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஆதிகேசவனால் அவன் வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை. என்ன உறவு என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள்தான் முறை போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக, கல்யாணத்துக்கு மைக் செட் பேச வந்தவர்கள்போல அந்த வீட்டுக்குப் போனோம். இவ்வளவு பேர் கல்யாணம் வைக்கிறார்களே என்று அவன் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். போனவர்கள் ஆதிகேசவனிடம் வந்து, கண் எவ்வளவு மஞ்சள், சோறு இறங்குகிறதா, எழுந்து உட்கார்ந்தானா என்று சொல்வோம். அவன் அதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்பான்.

இதில் ஒன்று உண்டு. என் முதுகு எப்போதும் அவர்கள் பக்கம் இருந்தது. நான் யாருடைய ஆட்டத்தையும் பார்த்ததில்லை. கால் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்வேன். கோதண்டபாணியின் கால் முன்விரலில் விழும். ஆதிகேசவனுக்குக் குதிகால். குழி மூடிய இடத்திலிருந்து அந்த உள்வாங்கிய சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தால் அது தாரா.

தாரா திருப்பருத்திக்குன்றத்துப் பெண். வேகவதியைத் தாண்டினால் ஊர். சமணர் வீடு. அண்ணன் சக்ரவர்த்தி ஒரு புடவை சொல்ல என் வீட்டுக்கு வந்தபோது கூட வந்தாள். டவுனில் தையல் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து தனியாக வந்தாள். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். விதவை வீடு, கௌரவமான வீடு, இருட்டில் ஆற்றைத் தாண்ட வேண்டாம் என்று அண்ணனே சனிக்கிழமை இரவு இங்கேயே தங்க அனுமதி கொடுத்தார். எனக்கு முப்பத்தாறு வயது. அவளுக்கு இருபத்து நாலு. மற்றவர்கள் முன்னால் அக்கா என்பாள். தனியாக இருக்கும்போது நாயகி. பெரியநாயகி என்ற என் பெயரை அப்படிப் பாதியாக்கிக் கூப்பிட்டவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

பொழுது சாய்ந்தபின் தாரா சாப்பிட மாட்டாள். அவள் வீட்டு வழக்கம் அது. அதனால் சனிக்கிழமைகளில் என் அடுப்பு மூன்று மணிக்கே எரியும். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்காமல் சமைப்பேன். ஐந்து மணிக்கு இரண்டு தட்டு வைப்பேன். அவள் தனியாகச் சாப்பிடக்கூடாது என்றுதான் நானும் அந்த நேரத்தில் சாப்பிட ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் என் வயிறு மாறிவிட்டது. திங்கட்கிழமையும் ஐந்து மணிக்குப் பசித்தது. வியாழக்கிழமையும் பசித்தது. அவள் இல்லாத வீட்டில், வெளிச்சம் இருக்கும்போதே தட்டுப் போட்டுக்கொண்டு உட்காருவேன். ஒருவரை நினைப்பது என்றால் மனதில் நடக்கிற காரியம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

அவள் ஒவ்வொரு மாதமும் கேட்பாள், நீ எப்போது எழுந்து ஆடப் போகிறாய் என்று. நான் எழுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் தெருவுக்குக் கேட்கும் என்பேன். அது உண்மை. அந்த உண்மை எனக்கு வசதியாகவும் இருந்தது.

பங்குனியில் அவளுக்கு வந்தவாசியில் இடம் முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். நிலம் இருந்தது. திங்கட்கிழமை அங்கே உள்ள அத்தை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், சித்திரையில் அங்கேயே கல்யாணம். தாரா இதைச் சொன்னபோது அழவில்லை. தையல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிச்சுப் போட்ட பிறகு, நீ ஒன்றும் சொல்ல மாட்டாயா என்று கேட்டாள். என்ன சொல்வது. அவளை வைத்துக்கொள்ள எனக்கு எந்த வழியும் இல்லை. ஒரு பெண்ணிடம் இன்னொரு பெண், போகாதே என்று சொல்வதற்கு எந்த முறையும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின மூன்றாம் சனி அமாவாசை. தள்ளினால் தாரா இருக்க மாட்டாள். வழியனுப்பாமல் எப்படி என்று வீரபாகு கேட்டான். அப்போது நானே சொன்னேன். கூடுவோம், ஆனால் தறி கிடையாது, ரெக்கார்டு கிடையாது, சலங்கை கிடையாது. ஆதிகேசவன் வாய்க்குள்ளே பாடட்டும், வெறுங்காலில் மெதுவாக ஆடுவோம் என்றேன். தாரா என் காதருகே வந்து சொன்னாள். "அப்போ அன்னிக்கு நீயும் ஆடலாம். தறிதான் ஓடாதே."

அதனால் அன்று அமாவாசை என்பது எனக்குத் தெரியும். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு தறிக்குக் கற்பூரம் காட்டினேன். மறுநாள் யுகாதி என்று எதிர்வரிசைத் தெலுங்கு வீடுகளில் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினேன். ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். இது கடைசி என்று யாரும் சொல்லவில்லை. நான் ரசம் ஊற்றியபோது போதும் என்று கையைக் காட்டினாள், பிறகு இன்னும் கொஞ்சம் என்றாள்.

விளக்கு வைத்ததும் வந்தார்கள். பெருந்தேவியால் வர முடியவில்லை, பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. கோதண்டபாணி வழக்கம்போல என் பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பூ வைத்துக்கொண்டான். ஆதிகேசவன் முனகலாகப் பாடினான். நாலு பேரும் பூனைகள்போல ஆடினார்கள். முதல் முறையாக நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோதண்டபாணி ஆடும்போது கண்ணை மூடிக்கொள்வான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தாரா எப்படி ஆடினாள் என்று எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. சத்தத்தை வைத்து நான் கட்டி வைத்திருந்த தாராவைவிட அவள் சின்னவளாக இருந்தாள். கை இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் திண்டாடினாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் வந்து என் கையைப் பிடித்தாள். நான் இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். வீரபாகு, அக்காவுக்குத் தரையில் தறியின் மிதிபலகையைக் காணோம், பாவம் தேடுகிறார்கள் என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு வருஷமாக அத்தனை பேரையும் ஆட வைத்தவளுக்கு ஆட வரவில்லை. தாரா என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள், விடவில்லை. அவ்வளவு பக்கத்தில், வெளிச்சத்தில், மற்றவர்கள் முன்னால், ஒருத்தி என்னை அப்படிப் பார்க்க நான் நின்று பழகியதில்லை. கையை உருவிக்கொண்டு நடந்தேன். என் காலுக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போய் இறங்கினேன். மிதியில் கால் பட்டது. கை கயிற்றை இழுத்தது. நூல் தாங்கிய நாடா ஓடியது. பலகை அடித்தது.

"அக்கா" என்று கோதண்டபாணி ஒரு தடவை கூப்பிட்டான்.

எனக்குக் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. தறி ஓடினால் பயமில்லை. அவர்கள் உடம்பு அப்படித்தான் படித்திருந்தது, கோதண்டபாணியின் உடம்பும்தான். முதுகுக்குப் பின்னால் கால்கள் தைரியமாக விழ ஆரம்பித்தன. ஆணியில் மாட்டியிருந்த சலங்கையைத் தாரா எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு குழி மூடிய இடத்திலிருந்து அந்த உள்வாங்கிய சத்தம், சலங்கையோடு. நான் இரண்டு விரல் அகலம்கூட நெய்திருக்க மாட்டேன்.

கதவு உடைந்துவிடும்போல இடித்தார்கள். எழுந்து போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டு மணியம்மாள், அவள் புருஷன் பரமசிவம், கையில் அரிக்கேன் விளக்கு, பின்னால் தெரு ஆட்கள் நாலைந்து பேர். அமாவாசையில் என் வீட்டுத் தறி ஓடுவதைக் கேட்ட மணியம்மாள், செத்துப்போன என் புருஷன்தான் வந்து நெய்கிறார் என்று நடுங்கியிருக்கிறாள். பரமசிவம் அதை நம்பவில்லை. யாரோ திருடன் புகுந்து தறியிலிருந்து புடவையை அறுக்கிறான் என்று ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு உதவத்தான் வந்தார்கள்.

விளக்கு கோதண்டபாணி மேல் விழுந்தது. பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். "இன்னாடா இது, ஒம்போதுங்க கச்சேரி."

கோதண்டபாணி புடவையை உருவவில்லை, ஓடவில்லை. நிதானமாகத் தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டான். "கூத்துங்கண்ணே. தாமல்ல பாரதம் வைக்கிறாங்க இல்ல? அக்காவோட ஊரு. ஒத்திகைக்கு எடம் குடுத்தாங்க."

"நீ என்ன வேஷம்?" என்றார் பரமசிவம்.

"திரௌபதி."

"துகிலா?"

"துகிலுதான்."

அவர் முகம் இளகுவதை நான் பார்த்தேன். கூத்து என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கிறவர் அவர். எங்கே, ஒரு அடி போடு பார்க்கலாம் என்றார். கோதண்டபாணி கூந்தலை விரிப்பதுபோலத் தலையை உதறிக் கையை உயர்த்தி நின்றான். சிரித்தவனே வாயை மூடிக்கொண்டான். புடவை கட்டிய ஆண்பிள்ளைக்கு ஒரு இடம் அந்த ஊரில் இருந்தது. நாங்கள்தான் அதை யோசித்துப் பார்த்ததில்லை. தறியில் உட்கார்ந்தது மட்டும் தப்பு என்று பரமசிவம் என்னைக் கடிந்துகொண்டார். மறந்துவிட்டேன் அண்ணே, தாளத்துக்கு ஆள் இல்லை என்றேன்.

அவர்கள் திரும்பும் நேரத்தில் மணியம்மாள் தரையைப் பார்த்தாள். "அது இன்னாம்மா, பொம்பளப் புள்ள கால்ல சலங்கை? கூத்துல எப்போ பொம்பள ஆடினா?"

விளக்கு திரும்பி வந்தது. தாரா சுவரோரம் நின்றிருந்தாள். கோதண்டபாணி என்னைப் பார்த்தான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மற்ற எல்லாப் பதிலும் பொய்யாகிவிடும்.

"அதுக்குப் புத்தி கொஞ்சம் போதாது, மணியக்கா" என்றேன். "கீழ எது கெடந்தாலும் எடுத்துக் கட்டிக்கும். யாரு ஆடினாலும் கூட ஆடும்."

தாரா தெருவில் யாரிடமும் பேசியதில்லை. பின்சந்து வழியாக வந்து பின்சந்து வழியாகப் போவாள். அது அன்றைக்கு உதவியது. அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் முகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போயிற்று. கண் முதலில். அப்புறம் கீழுதடு தொங்கியது. வாயோரம் ஈரமாயிற்று. ஒரு காலைத் தூக்கி மணியம்மாளிடம் சலங்கையை ஆட்டிக் காட்டினாள், சிரித்தாள்.

"அடப் பாவமே" என்றாள் மணியம்மாள். மண்டியிட்டு உட்கார்ந்து தானே சலங்கையைக் கழற்றினாள். தன் முந்தானையால் தாராவின் வாயைத் துடைத்துவிட்டாள். "எவ்ளோ லட்சணமான பொண்ணு."

அன்று இரவு தாரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் தொடவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அந்த மூன்று பேரைக் காப்பாற்றத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அது உண்மையாகிவிடும், உண்மையானால் அவள் மன்னிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. விடிவதற்கு முன் போய்விட்டாள்.

மணியம்மாள் நல்லவள். அதனால் பலரிடம் பரிதாபப்பட்டாள். ஆற்றைத் தாண்டிப் பூ விற்கப் போகிறவளிடமும் பரிதாபப்பட்டாள். என் வீட்டில் சனிக்கிழமை தங்குகிற பெண் என்றதும் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது, பேச்சு வந்தவாசி வரை போயிற்று. பத்து நாளில் வந்தவாசிக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

சக்ரவர்த்தி என் வீட்டுக்கு வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படிக் கிடையாது, யாரோ கட்டிவிட்ட பேச்சு என்றார். பிறகு கேட்டார். "நீங்க கூடவே இருந்தவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. என்கூட வந்தவாசிக்கு வந்து சொல்றீங்களா?"

நான் போய் அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கியிருக்கலாம். திருப்பி வாங்கினால் நல்ல புத்தியுள்ள பெண் எதற்கு ஆண்களோடு சலங்கை கட்டினாள் என்று கேட்பார்கள். வீரபாகு, ஆதிகேசவன், இரண்டு பிள்ளைகள் உள்ள கோதண்டபாணி, மூன்று பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். இப்படித்தான் எனக்கு நானே கணக்குச் சொன்னேன். தப்பான கணக்கு இல்லை. ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் மனதில் முதலில் ஓடியது அது இல்லை. இனி அவள் வந்தவாசிக்கு வாழ்க்கைப்பட்டுப் போகப்போவதில்லை என்பதுதான் முதலில் ஓடியது.

"எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்து நாலு அடி போய், திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார்.

சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டியிருந்தது. வைகாசியில் தாமல் பாரதத்தில் கோதண்டபாணி நிஜமாகவே திரௌபதி வேஷம் கட்டினான். எங்கள் தெருவே வண்டி கட்டிக்கொண்டு போயிற்று. துகில் உரிகிறபோது பரமசிவம் அழுதார். அதற்குப் பிறகு என் வீடு கூத்து ஒத்திகை வீடாகிவிட்டது. முன்வாசலைத் திறந்தே வைத்தோம். மிருதங்கம் வந்தது, ஆர்மோனியப் பெட்டி வந்தது. திருப்புட்குழியிலிருந்து இரண்டு பேர், வாலாஜாவிலிருந்து ஒருவர் என்று பதினான்கு பேர் சேர்ந்தார்கள். நூல் மூட்டை தேவையில்லை, பின்சந்து தேவையில்லை. வீரபாகுவும் ஆதிகேசவனும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனார்கள். ஒரே கூத்து ஜமா என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு உறவு கிடைத்தது. மணியம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பாள். தாளத்துக்கு என் தறி வேண்டியிருக்கவில்லை. நான் மோர் கரைத்துக் கொடுத்தேன்.

பெருந்தேவி ஒரு தடவை வந்தாள். திறந்த கதவையும் உள்ளே உட்கார்ந்திருந்த மணியம்மாளையும் பார்த்தாள். வாசலில் நின்றபடியே என்னிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். கூத்தில் பெண்கள் ஆடுவதில்லை.

ஒரு நாள் எல்லோரும் போனபின் கோதண்டபாணி முகத்து அரிதாரத்தை எண்ணெய் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். தாராவின் சலங்கை ஆணியில் தொங்கியது. எடுத்துக் கட்டிக்கொள் என்றேன். அவன் தலையை ஆட்டினான். "எங்களுக்கு ஊரையே தொறந்து வுட்டீங்க, அக்கா. அதை நான் கட்ட மாட்டேன்."

ஐப்பசியில்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனேன். தாரா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி என்னை உட்காரச் சொன்னாள். என்னைப் பார்த்ததும் தாராவின் உதடு தொங்கியது. அந்தச் சிரிப்பு. நிஜமாகவே அப்படி ஆகிவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவளோடு பேசிக்கொண்டிருங்கள், மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று அண்ணி பின்கட்டுக்குப் போனாள்.

தாராவின் முகம் திரும்பி வந்தது. போன வழியிலேயே, கண் முதலில்.

"இது சௌகரியமா இருக்குது" என்றாள். "இப்ப வீட்டுலயே நம்பிட்டாங்க. யாரும் பொண்ணு கேட்டு வர்றதில்ல."

அவள் ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அன்னிக்கு அமாவாசைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காலைல தெரியும். தறியில உக்காரும்போது தெரியுமா?"

யாரிடமும் சொல்லாததை, எனக்கே சொல்லாததை அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கால் பழக்கம் என்று சொல்லலாம். வெட்கம் என்று சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை.

"உக்காரும்போதும் தெரியும்" என்றேன். "கோதண்டபாணி கூப்பிட்டதும் கேட்டுச்சு."

அவள் தலையசைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்றும் காத்திருந்தேன். இன்னும் இரண்டு கல் பொறுக்கினாள்.

"நல்லா அடிச்சே அன்னிக்கு" என்றாள். "ஒரு எழைகூடத் தப்பல."

சனிக்கிழமை வருகிறாயா என்று கேட்கத்தான் நான் ஆற்றைத் தாண்டி வந்தேன். எந்தச் சனிக்கிழமைக்கு, எந்த இடத்துக்குக் கூப்பிடுவது என்று எனக்கே தெரியவில்லை. பின்கட்டில் அண்ணியின் காலடி கேட்டது. தாராவின் உதடு மெல்லத் தளர்ந்தது.

"பொழுது போகுது, வா கண்ணு" என்று அண்ணி தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்தாள். தொல்லை ஒன்றும் இல்லை, சொன்னபடி கேட்பாள், ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவாள் என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். தாரா வாயைத் திறந்தாள். உருண்டை உருண்டையாக வாங்கிக்கொண்டாள். தெருவில் எங்கோ ஒரு மாட்டு வண்டி கடகடவென்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நான் அவள் பாதத்தைப் பார்த்தேன். விரல் அசைகிறதா என்று வண்டிச் சத்தம் அடங்கும் வரை பார்த்தேன். அசையவில்லை.

மணி ஐந்து இருக்கும். எனக்குப் பசித்தது. அந்த நேரத்தில் எனக்குப் பசிக்கும் என்று அண்ணிக்கு எப்படித் தெரியும். தாராவுக்குத் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை.